பிரீஆம்ப்புக்குப் பழைய வால்வு: எந்தச் சாக்கெட்டுக்கு எது?

வால்வு பிரீஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த முன்பெருக்கி) வைத்திருப்பவர்களும் புதிதாகச் செய்பவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே வால்வுக்கு அமெரிக்கப் பெயர் ஒன்று, ஐரோப்பியப் பெயர் ஒன்று என இரண்டு உண்டு. 12ஏஎக்ஸ்7 என்பதும் ஈசிசி83 என்பதும் ஒன்றே. 12ஏடி7 என்றால் ஈசிசி81, 12ஏயு7 என்றால் ஈசிசி82, 6டிஜே8 என்றால் ஈசிசி88. பதில்களில் இரண்டு பெயர்களும் கலந்து வரும்.

கேள்வி: என் பிரீஆம்ப்பில் மூன்று ஈசிசி83, ஒரு ஈசிசி82 இருக்கின்றன. டர்ன்டேபிளில் எம்.எம். (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ். பழைய முல்லார்டு போட ஆசை. நான்கையும் மாற்றக் கட்டுப்படியாகாது. ஒன்றோ இரண்டோ வாங்கினால் எந்த இடத்தில் போடுவது? முல்லார்டைவிட டெலிஃபங்கன் உசத்தி என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், மதுரை

பதில்: ஃபோனோ பகுதியின், அதாவது ரெக்கார்டு சிக்னலைப் பெருக்கும் பகுதியின், முதல் வால்வை மாற்றுங்கள். மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

எம்.எம். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை முதலில் வாங்கிப் பெருக்குவது அந்த வால்வுதான். அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலைப் பின்னால் வரும் எல்லா வால்வுகளும் சேர்ந்து பெருக்கிவிடும். ரெக்கார்டு வெட்டும்போது தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைத்து வெட்டுவார்கள், ஃபோனோ பகுதி அதைத் திரும்ப ஏற்றிக் கொடுக்கும். இதனால் 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஏழு மடங்கு கூடுதல் பெருக்கம் இருக்கிறது. மின்சார ரீங்காரம் வருவதும் அதே 50 ஹெர்ட்ஸில்தான். ஆகவே முதல் சாக்கெட்டில் சுமாரான வால்வு இருந்தால் ஹிஸ், ஹம் இரண்டும் காதில் விழும். அதே வால்வு ஃபோனோவுக்குப் பின்னால் வரும் லைன் பகுதியில் இருந்தால் சத்தமே தெரியாமல் போகலாம்.

முதல் சாக்கெட் எது என்று பெட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மின்சார பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துத் திறக்கவும். ஃபோனோ ஜாக்கிலிருந்து ஷீல்டு ஒயரைப் பின்தொடர்ந்தால் ஒரு 47கே (47,000 ஓம்) ரெசிஸ்டர் வரும். அதைத் தாண்டி வால்வின் 2ஆம் பின்னுக்கோ 7ஆம் பின்னுக்கோ போகும். அவைதான் கிரிட், சிக்னல் வால்வுக்குள் நுழையும் முனை. இடது சேனல் 2க்கும் வலது சேனல் அதே வால்வின் 7க்கும் போனால் ஒரு வால்வு வாங்கினால் போதும். இரண்டும் வெவ்வேறு வால்வுக்குப் போனால் ஜோடியாக வாங்க வேண்டும்.

ஒரே வால்வு இரண்டு சேனலையும் சுமக்கிறதென்றால், கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு ட்ரையோடும் (பெருக்கும் இரு பாதிகளும்) ஒத்திருக்க வேண்டும். விற்பவரிடம் இரண்டு பக்கத்து அளவையும் தனித்தனியாகக் கேளுங்கள். 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் வாங்கலாம். "டெஸ்டரில் பச்சை காட்டியது" என்று மட்டும் சொன்னால் அது பதிலே இல்லை. பெரும்பாலான பழைய டெஸ்டர்கள் இரைச்சலையோ மைக்ரோஃபோனிக் குணத்தையோ (தட்டினால் ஒலிப்பதையோ) அளப்பதில்லை. ஆனால் இந்தச் சாக்கெட்டுக்கு அவை இரண்டும்தான் முக்கியம்.

பிராண்டு பற்றி: ஜெர்மனியின் உல்ம் ஆலையில் செய்த வழவழப்பான பிளேட் (எலெக்ட்ரானை வாங்கும் தகடு) உள்ள டெலிஃபங்கன் ஈசிசி83க்குக் கிடைத்த நல்ல பெயர் நியாயமானது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை முல்லார்டுக்கும் அப்படித்தான். இருந்தாலும் பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே பிராண்டில் வால்வுக்கு வால்வு உள்ள வித்தியாசம் பெரியது. களைத்துப்போன டெலிஃபங்கனைவிட நன்றாகச் சோதித்த ஆர்.சி.ஏ., ஜி.இ., சில்வேனியா, டெஸ்லா, மட்சுஷிட்டா எதுவும் மேல். விலையும் வெகுவாகக் குறையும்.

இந்த இடத்துக்கு நாங்கள் முதலில் சொல்வது 5751. அதிர்வும் அதிர்ச்சியும் தாங்க வேண்டிய கருவிகளுக்காக வந்த வால்வு அது. ஈசிசி83இன் பெருக்க எண் 100, இதற்கு 70. அதனால் சத்தம் சுமார் 3 டெசிபல் குறையும், வால்யூமைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். பின் அமைப்பு ஒன்றே. உள் ரெசிஸ்டன்ஸும் ஏறக்குறைய ஒன்று என்பதால் தாழ்ந்த ஸ்வரங்களை ஏற்றிக் கொடுக்கும் ஃபோனோ ஈக்வலைசரின் கணக்கு பிசகாது. ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) மட்டும் 6.3 வோல்ட்டில் 300க்குப் பதில் 350 மில்லி ஆம்பியர் இழுக்கும்.

கேள்வி: தாத்தா காலத்துப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு பெட்டி வால்வு கிடைத்தது. பி.இ.எல்., ஃபிலிப்ஸ் இரண்டும் இருக்கின்றன. ஈசிஎச்81, ஈபிஎஃப்89, ஈஏபிசி80, யுசிஎல்82, ஈஎல்84, ஈசிசி83, பிசிசி88 என்று எண்கள். பிரீஆம்ப்புக்கு எது உதவும்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்கிறது. ஈ என்றால் 6.3 வோல்ட். யு என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோக்களில் வருவது. பி (P) என்றால் 300 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு, டி.வி. பெட்டிகளுக்கானது. அடுத்து வருபவை உள்ளே இருப்பதைச் சொல்பவை: சி ட்ரையோடு, எஃப் பென்டோடு, எல் அவுட்புட் பென்டோடு, பி (B) இரட்டை டையோடு. எண்ணின் முதல் இலக்கம் 8 என்றால் ஒன்பது பின் நோவல் சாக்கெட்.

அதன்படி உங்கள் பெட்டியில் நேராக உதவுவது ஈசிசி83 ஒன்றுதான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. அந்த பி.இ.எல். ஈசிசி83 பிரீஆம்ப்பில் தாராளமாகப் போடக்கூடியது. வெளிநாட்டுப் பெயர் இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

பிசிசி88ஐயும் பத்திரப்படுத்துங்கள். ஈசிசி88இன் உள்ளமைப்பேதான், ஹீட்டர் மட்டும் 7 வோல்ட், 300 மில்லி ஆம்பியர். ஈசிசி88 போடும் பிரீஆம்ப்பில் ஹீட்டர் சப்ளையை 7 வோல்ட்டுக்கு மாற்ற முடிந்தால் மலிவில் நல்ல வால்வு கிடைத்த மாதிரி. ஈஏபிசி80க்குள் பெருக்க எண் 70 உள்ள ஒரு ட்ரையோடு இருக்கிறது. கூடவே மூன்று டையோடு சும்மா இருக்கும். புதிதாகச் சர்க்யூட் போடுபவருக்கு அது ஆகும், ஈசிசி83 சாக்கெட்டில் சொருக ஆகாது. மற்றவை ரேடியோ பழுதுபார்ப்பவருக்குத்தான் பயன்படும்.

கேள்வி: என் பிரீஆம்ப்பில் 12ஏஎக்ஸ்7 இருக்கிறது. சத்தம் அதிகமாக இருப்பதால் 12ஏயு7 போட்டுப் பார்க்கலாமா? 12ஏடி7, 6டிஜே8, ரஷ்ய 6என்2பி இவற்றில் எதையாவது அப்படியே மாற்றிச் சொருகலாமா?
— வாசகர், சேலம்

பதில்: சாக்கெட்டில் பொருந்துவதும் சர்க்யூட்டில் பொருந்துவதும் வேறு வேறு. இந்த ஐந்துமே ஒன்பது பின் சாக்கெட்டில் உட்காரும். இவற்றில் இரண்டு ஆபத்து.

முதலில் ஹீட்டர். 12ஏஎக்ஸ்7, 12ஏயு7, 12ஏடி7 மூன்றிலும் 4, 5 பின்களுக்கு நடுவே 12.6 வோல்ட், 9ஆம் பின் நடுமுனை. 4ஐயும் 5ஐயும் சேர்த்து 9க்கு எதிராக 6.3 வோல்ட்டும் கொடுக்கலாம். 6டிஜே8இலும் 6என்2பியிலும் 4, 5 நடுவே 6.3 வோல்ட் மட்டும், 9ஆம் பின் உள்ளே இருக்கும் ஷீல்டு. உங்கள் பிரீஆம்ப் 12.6 வோல்ட் முறையில் ஒயர் செய்யப்பட்டிருந்தால், இவை இரண்டில் எதைச் சொருகினாலும் ஹீட்டருக்கு இரட்டிப்பு வோல்ட் ஏறி எரிந்துபோகும். 6.3 வோல்ட் முறை என்றால் 4, 5 இரண்டும் ஒன்றாக இணைந்திருப்பதால் ஹீட்டர் எரியவே எரியாது. 6டிஜே8க்கு இன்னொரு எல்லையும் உண்டு: பிளேட்டுக்கு அதிகபட்சம் 130 வோல்ட். 12ஏஎக்ஸ்7 சர்க்யூட்டில் சாதாரணமாக அதைவிட அதிகம் இருக்கும்.

6என்2பியின் பெருக்க எண் ஏறக்குறைய 12ஏஎக்ஸ்7 அளவே. சாக்கெட்டில் 4, 5, 9 ஒயர்களை மாற்றிச் சால்டர் செய்துவிட்டால் நன்றாக வேலை செய்யும்.

இனி 12ஏயு7. பெருக்க எண் 17இலிருந்து 20 வரை. 250 வோல்ட் சப்ளை, பிளேட்டில் 100கே, கேத்தோடில் (எலெக்ட்ரானை வெளியிடும் முனையில்) 1.5கே என்ற வழக்கமான அமைப்பில் 12ஏஎக்ஸ்7 ஏறக்குறைய 54 மடங்கு பெருக்கும், 12ஏயு7 சுமார் 14 மடங்கு. அதாவது கிட்டத்தட்ட 12 டெசிபல் குறையும். சத்தம் குறைந்துவிட்டதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அது கரன்டை இரட்டிப்பாக இழுக்கும். 165 வோல்ட்டில் இருந்த பிளேட் 80ஐ ஒட்டி இறங்கிவிடும். கெட்டுப்போகாது, ஆனால் தாராளமாக உழைக்க வேண்டிய வால்வு மூச்சுத் திணறிக்கொண்டு பாடும். ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் பிளேட், கேத்தோடு ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டும்.

ஃபோனோ பகுதியில் 12ஏயு7, 12ஏடி7 எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். ஈக்வலைசர் வலையின் ரெசிஸ்டர்களை வால்வின் உள் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். 12ஏஎக்ஸ்7க்கு அது சுமார் 62கே, 12ஏடி7க்கு 11கே. மாற்றினால் டோன் சாய்ந்துவிடும். முதல் வால்வின் பெருக்கம் மாறும்போது கார்ட்ரிட்ஜ் மேல் விழும் கெப்பாசிட்டன்ஸும் மாறுகிறது. 12ஏஎக்ஸ்7இல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 1.6 பிக்கோ ஃபாரட்தான். 54 மடங்கு பெருக்கத்தில் அது கார்ட்ரிட்ஜுக்கு 90 பிக்கோ ஃபாரட்டாகத் தெரியும். எம்.எம். கார்ட்ரிட்ஜின் மேல்ஸ்வரம் இந்த எண்ணை வெகுவாகச் சார்ந்தது.

உங்கள் உண்மையான பிரச்சினை லைன் பகுதியில் பெருக்கம் அதிகமாக இருப்பது. அங்கே மட்டும் 5751 போட்டுப் பாருங்கள். அதுவும் போதாதென்றால் பவர் ஆம்ப் உள்ளீட்டில் ரெசிஸ்டர் வைத்துக் குறைப்பதே சரி.

கேள்வி: என்னிடம் வால்வு டெஸ்டர் கிடையாது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர்தான். பழைய வால்வு வாங்கிவந்தால் நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: உண்டு. பிரீஆம்ப்பையே டெஸ்டராகப் பயன்படுத்தலாம்.

முதலில் கண். உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சுக்கு கெட்டர் என்று பெயர். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, வால்வு செத்தது. ஓரம் பழுப்பேறியிருந்தால் நிறைய உழைத்திருக்கிறது. பூச்சு பெரிதா சிறிதா என்பதை வைத்து ஆயுளைச் சொல்ல முடியாது, ஆலைக்கு ஆலை அளவு மாறும். பின்கள் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளைந்த பின்னை நிமிர்த்தும்போது முடியிழை அளவு விரிசல் விழுவது அங்கேதான்.

அடுத்து, சாக்கெட்டில் சொருகாமல் மீட்டர். வால்வைக் கவிழ்த்துப் பிடித்தால் பின்களுக்கு நடுவே ஓர் அகலமான இடைவெளி தெரியும். அதிலிருந்து கடிகாரச் சுற்றில் 1, 2, 3 என்று எண்ணுங்கள். ஈசிசி83 குடும்பத்தில் 1, 6 பிளேட், 2, 7 கிரிட், 3, 8 கேத்தோடு. 200 ஓம் ரேஞ்சில் 4க்கும் 9க்கும் நடுவே சில ஓம்கள் காட்டும். 5க்கும் 9க்கும் நடுவே அதே அளவு வர வேண்டும். 4க்கும் 5க்கும் நடுவே அதைப்போல இரு மடங்கு. பிறகு 20 மெகா ஓம் ரேஞ்சுக்கு மாற்றி மற்ற எல்லாப் பின்களுக்கும் நடுவே பாருங்கள். எங்கேயும் எதுவும் காட்டக் கூடாது. அளக்கும்போது விரல் பின்னில் பட்டால் உங்கள் தோலின் ரெசிஸ்டன்ஸைத்தான் அளப்பீர்கள், கவனம். வால்வை மெல்லத் தட்டும்போது எண் துள்ளினால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, வாங்க வேண்டாம்.

மூன்றாவது, ஓடும்போது அளப்பது. இங்கே 250, 300 வோல்ட் டி.சி. இருக்கிறது, உயிரை எடுக்கும். அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் நிற்கும். 100கே, 2 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் உறை போட்ட ஒயரும் கிளிப்பும் வைத்து, அணைத்தபின் கெப்பாசிட்டரின் குறுக்கே அரை நிமிடம் மாட்டுங்கள். 47 மைக்ரோ ஃபாரட் என்றால் அதற்குள் காலியாகிவிடும். அப்போதும் மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். மீட்டரின் கறுப்பு ஒயரைச் சேஸிஸிலும் சிவப்பை கேத்தோடு பின்னிலும், எல்லாம் அணைந்திருக்கும்போதே கிளிப் போட்டு மாட்டிவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்.

கேத்தோடு அளவு ஒன்றே போதும், பிளேட்டைத் தொட வேண்டிய அவசியமில்லை. முன்பு சொன்ன 250 வோல்ட், 100கே, 1.5கே அமைப்பில் நல்ல ஈசிசி83 கேத்தோடில் சுமார் 1.3 வோல்ட் காட்டும். 1.3ஐ 1500ஆல் வகுத்தால் 0.87 மில்லி ஆம்பியர், அதுதான் வால்வில் ஓடும் கரன்ட். உங்கள் பிரீஆம்ப்பின் மதிப்புகள் வேறாக இருந்தால், நன்றாக ஓடும் வால்வு ஒன்றை அளந்து அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தது அதைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினால் களைத்தது என்று கொள்ளலாம். இரண்டு பாதிகளுக்கும் நடுவே 20 சதவீத வித்தியாசம் இருந்தால் முதல் சாக்கெட்டுக்கு ஆகாது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேத்தோடு ரெசிஸ்டர் வால்வின் பலவீனத்தை ஓரளவு மறைத்துவிடும். அதை வெளியே கொண்டுவர ஹீட்டரைச் சற்றுப் பட்டினி போட வேண்டும். 6.3 வோல்ட் முறையில் ஒரு வால்வின் ஹீட்டருக்குத் தொடராக 2.2 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டால் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறையும். 12.6 வோல்ட் முறை என்றால் 8.2 ஓம். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கேத்தோடை அளந்து பாருங்கள். தெம்புள்ள வால்வில் எண் ஏறக்குறைய அசையாது. கேத்தோடு பூச்சு தேய்ந்துபோன வால்வில் எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போகும். சோதனை முடிந்ததும் ரெசிஸ்டரை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

கடைசியாக கிரிட். 2, 7 பின்களில் டி.சி. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் காட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம்: வால்வுக்குள் வாயு, அல்லது முந்தைய கட்டத்திலிருந்து வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகுவது. அணைத்து, வால்வைப் பிடுங்கிவிட்டு, வால்வு இல்லாமலே மறுபடி சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். வோல்ட் அப்படியே நின்றால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். மறைந்துவிட்டால் வால்வுதான் குற்றவாளி. பழைய பிரீஆம்ப்களில் நல்ல வால்வைக் கெட்டது என்று தூக்கி எறிவதற்கு இந்தக் கெப்பாசிட்டர்தான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய முல்லார்டு ஈசிசி83இல் கண்ணாடியின் அடிப்பக்கம் ஐ63 என்றும் அதன் கீழே பி2எச்4 என்றும் மங்கலாக இருக்கிறது. இதற்கு என்ன பொருள்? போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் பார்த்தது நல்ல அறிகுறி. ஃபிலிப்ஸ் குழும ஆலைகள் எல்லாம் அப்படி இரண்டு வரிக் குறியைக் கண்ணாடியில் பொறித்தன. முதல் வரியில் ஐ6 என்பது ஈசிசி83, அடுத்த 3 அதன் திருத்தப் பதிப்பு. இரண்டாம் வரியில் பி என்பது பிளாக்பர்ன் ஆலை, 2 ஆண்டின் கடைசி இலக்கம், எச் எட்டாவது மாதமான ஆகஸ்ட், 4 நான்காவது வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் எந்தப் பத்தாண்டு என்பதைக் குறி தனியாகச் சொல்லாது. திருத்த எண், பிளேட்டின் நீளம், கெட்டரின் வடிவம் ஆகியவற்றை வைத்துத்தான் கணிக்க வேண்டும். 1950களில் வந்தவற்றில் 17 மில்லிமீட்டர் நீளப் பிளேட்டுகள் உண்டு, பிறகு வந்தவை குட்டையானவை. இரண்டாம் வரியின் முதல் எழுத்துக்குப் பதில் முக்கோணம் இருந்தால் அது ஹாலந்தின் ஹேர்லன் ஆலை.

அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். வெள்ளை, மஞ்சள் எழுத்துகள் விரல் பட்டாலே உதிரும், யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடிக்கலாம். அதனாலேயே எழுத்துள்ள இடத்தைத் துடைக்கவும் கூடாது. பொறித்த குறி துடைத்தால் போகாது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெளிவாகத் தெரியும். டெலிஃபங்கனில் பின்களுக்கு நடுவே அடிக்கண்ணாடியில் வைர வடிவக் குறி வார்க்கப்பட்டிருக்கும். நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படும். அது இல்லாத ஈசிசி83 மேல் டெலிஃபங்கன் என்று எழுதியிருந்தால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றதும் சகஜம். ஆம்பெரெக்ஸ் பெயரில் ஹேர்லன் வால்வு வரும், கேள்விப்படாத கருவி நிறுவனத்தின் பெயரில் பிளாக்பர்ன் வால்வு வரும். பெயரைப் பார்க்காமல் குறியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கேதான் மலிவு விலை. பிரிட்டிஷ் ராணுவ எண்களும் அப்படியே: சிவி492, சிவி4004 இரண்டும் ஈசிசி83 குடும்பம். சிவி491, சிவி4003 இரண்டும் ஈசிசி82. முல்லார்டு என்ற பெயரில் இன்று ரஷ்யாவின் சரடோவில் செய்யப்படும் புதிய வால்வுகளும் விற்பனையில் உள்ளன. அவை கள்ளச் சரக்கில்லை, ஆனால் பழைய விலை கொடுத்து வாங்க வேண்டியவையும் இல்லை.

கேள்வி: சுவிட்ச் போட்டதும் ஒரு வால்வு மட்டும் பளிச்சென்று மின்னி அடங்குகிறது. மாற்ற வேண்டுமா?
— வாசகர், கோவை

பதில்: வேண்டாம். குளிர்ந்த ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் முதல் நொடியில் அதிகக் கரன்ட் பாய்கிறது. கேத்தோடு குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை அதில் வெள்ளையாக எரிந்து அடங்கும். பிளாக்பர்ன் முல்லார்டு போன்ற பல ஐரோப்பிய வால்வுகளில் இது இயல்பு. பல வருடம் அப்படியே உழைக்கும்.

கேள்வி: பழைய வால்வு போட்டதும் ரீங்காரம் கூடிவிட்டது. வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தமாதிரி கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேறு வேறு காரணம்.

மணிச்சத்தம் மைக்ரோஃபோனிக் குணம். உள்ளே கிரிட் கம்பி தளர்ந்து, அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. எந்த வால்வும் தட்டினால் கொஞ்சம் "டக்" என்னும், அது பரவாயில்லை. சத்தம் நீண்டு ரீங்கரித்தால் அது முதல் சாக்கெட்டுக்கு ஆகாது. லைன் பகுதிக்கு மாற்றுங்கள். அங்கே சிக்னல் பெரிது, பின்னால் பெருக்கமும் குறைவு என்பதால் காதில் விழாது. கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் போட்டால் ஓரளவு அடங்கும், குணமாகாது. பிரீஆம்ப்பை ஸ்பீக்கர் வைத்த அதே அலமாரியில் வைக்காதீர்கள்.

ரீங்காரத்துக்கு, முதலில் பழைய வால்வை எடுத்து முந்தையதைத் திரும்பப் போடுங்கள். ஹம் போய்விட்டால் பழைய வால்வில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே காப்பு பலவீனம். போகவில்லையென்றால் வால்வைப் பிடுங்கிச் சொருகியதில் சாக்கெட்டின் பிடிப்போ எர்த் இணைப்போ தளர்ந்திருக்கிறது, அல்லது ஷீல்டு மூடியைத் திரும்ப மாட்ட மறந்திருப்பீர்கள்.

காப்பு சிறிது பலவீனமான, மற்றபடி நல்ல வால்வைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ஏ.சி. ஹீட்டரின் நடுமுனையை எர்த்தில் இணைக்காமல், 30 வோல்ட் அளவு பாசிட்டிவில் மிதக்க விடுவது. 250 வோல்ட் சப்ளையிலிருந்து 220கே, அதன் கீழே எர்த்துக்கு 33கே, இரண்டும் 1 வாட். இரண்டும் சேரும் புள்ளியில் சுமார் 32 வோல்ட் கிடைக்கும். 33கேவுக்கு இணையாக 10 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர். அந்தப் புள்ளியை ஹீட்டர் நடுமுனையில் இணையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் நடுமுனை இல்லையென்றால் ஹீட்டரின் இரு ஒயர்களிலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டுச் செயற்கையாக உண்டாக்குங்கள். பழைய எர்த் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் மிதக்காது.

கேள்வி: எங்கள் பகுதியில் இரவில் 250 வோல்ட் வரை ஏறுகிறது. பிரீஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. விலை கொடுத்து வாங்கிய வால்வுகளுக்கு ஆபத்தா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஆபத்துதான், பலர் கவனிக்காததும் இதுதான். 220இல் 6.3 வோல்ட் தரும் ஹீட்டர் சுற்று 250இல் 7.16 வோல்ட் தரும், 13 சதவீதத்துக்கு மேல் கூடுதல். கேத்தோடு பூச்சு வேகமாக ஆவியாகி ஆயுள் குறையும். ஆவியானது கிரிட்டில் படிந்தால் இரைச்சலும் கூடும். 5 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது.

சாக்கெட்டிலேயே, வால்வு எரியும்போது ஏ.சி. ரேஞ்சில் அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இரண்டு ஈசிசி83 சேர்ந்து 0.6 ஆம்பியர் இழுக்கின்றன. 0.86 வோல்ட்டைக் குறைக்க 0.86ஐ 0.6ஆல் வகுத்தால் சுமார் 1.4 ஓம். ஒவ்வொரு ஹீட்டர் ஒயரிலும் ஒரு 0.68 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே ஒயரில் போட்டால் சமநிலை கெட்டு ஹம் ஏறும். சென்னை ரிச்சி தெரு மாதிரி உதிரிபாகக் கடைகளில் ஒயர் சுற்றிய இந்த ரெசிஸ்டர் எளிதாகக் கிடைக்கும். பகலில் வோல்ட்டேஜ் 220க்குக் கீழே இறங்கும் ஊர் என்றால் இது ஒத்துவராது, நல்ல ஸ்டெபிலைசர் வையுங்கள். ஹெச்.டி. வோல்ட்டும் (பிளேட்டுகளுக்குப் போகும் உயர் டி.சி.) அதே விகிதத்தில் ஏறியிருக்கும் என்பதால் ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் வோல்ட்டேஜ் எல்லையையும் பார்த்துவிடுங்கள். 300 வோல்ட்டுக்கு வடிவமைத்த இடத்தில் 250இல் 340 இருக்கும்.

கேள்வி: நல்ல பழைய வால்வு எத்தனை வருஷம் உழைக்கும்? நாள் முழுக்கப் போட்டே வைக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஈ88சிசி போன்ற நீடித்த ஆயுள் வகைகளுக்கு 10,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிட்டார்கள். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் ஒன்பது வருடம். பிரீஆம்ப்பில் சாதாரண ஈசிசி83ஐயும் அதன் திறனில் சிறு பங்குக்குத்தான் வேலை வாங்குகிறோம், அதனால் நீண்ட காலம் வரும். கேட்காதபோது அணைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் திரும்பக் கேட்கப் போகிறீர்கள் என்றால் அணைக்க வேண்டாம்.

பல பத்தாண்டுகள் அட்டைப்பெட்டியில் கிடந்த வால்வு முதல் சில மணி நேரம் பொரிந்தால் உடனே திருப்பி அனுப்பாதீர்கள். வால்யூமை முழுக்கக் குறைத்து ஒரு பகல் ஓடவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். அதற்கு முன் பின்களில் படிந்த கறுப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டுச் சொருகுங்கள். சொருகும்போது ஆட்டி ஆட்டி அழுத்தாமல் நேராக இறக்கவும், சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் குண்டூசியால் நெருக்கிவிடவும். இதையும் பெட்டி முழுக்க டிஸ்சார்ஜ் ஆனபிறகுதான் செய்ய வேண்டும்.